சகாயநாதன் அடைத்த ஓட்டை

மூக்கண்டப்பள்ளியில் குடியேறிய மூன்றாவது வாரம், சகாயநாதன் வாசல் கதவில் ஓர் ஓட்டை போட்டார். வெளியே நிற்பது யார் என்று உள்ளிருந்தே பார்க்கும் சின்ன லென்ஸைப் பொருத்துவதற்காக. அவருக்கு ஷிஃப்ட் மாறி மாறி வரும். பாதி நாள் மனைவி கிருபாராணி வீட்டில் தனியாகத்தான் இருப்பாள். பாகலூரில் இருக்கும் வீட்டுக்காரி சரோஜம்மாளிடம் போனில் அனுமதியும் கேட்டிருந்தார்.

"ஒரு ஓட்டைதானப்பா, போட்டுக்கோ. தேக்குக் கதவு, பாத்து" என்றிருந்தார் சரோஜம்மாள்.

சகாயநாதன் வண்டி உதிரிப்பாகம் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதகர். தலைமுடியை விட மெல்லிய வித்தியாசம் இருந்தாலும் அந்தப் பாகத்தை ஓரமாகத் தள்ளிவிடுவார். கதவுக்கும் அதே மரியாதை செய்தார். ஸ்கேல் வைத்து நடுக்கோடு போட்டார். நிமிர்ந்து நின்று தன் கண்ணுக்கு நேரே பென்சிலால் குறித்தார். டிரில் வைத்துத் துளைத்து லென்ஸைத் திருகினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"ராணி, வந்து பாரேன்."

கிருபாராணி வந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு சாவகாசமாகக் கேட்டாள்: "லென்ஸ் அழகா இருக்குங்க. ஸ்டூல எங்க போடறது?"

அவர் ஆறடி. அவள் ஐந்தடியை எட்டவில்லை. கல்யாணமாகி ஏழு வருடமாக இருவருக்கும் தெரிந்த விஷயம்தான்.

"நீங்க வீட்ல இருந்தா நீங்களே கதவத் தொறந்துடுவீங்க, எனக்கு இது வேணாம். நீங்க இல்லாதப்ப எனக்கு எட்டாது. அப்ப இது யாருக்கு?"

உனக்காகத்தான் போட்டேன், உன் உயரத்தைத்தான் யோசிக்கவில்லை என்று சகாயநாதன் தனக்குள் சொல்லிக்கொண்டார். லென்ஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இனி கீழே ஒன்று போட வேண்டும். அதற்கு முன்னால் மேலே இருப்பதை அடைக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சரோஜம்மாள் சொல்லியிருந்தார். அன்று செவ்வாய்.

பக்கத்துத் தெரு ஹார்டுவேர் கடையில் முனிலட்சுமி இருந்தார். ஒருவரிடம் கன்னடத்தில் ஆணிக்கு விலை சொல்லிக்கொண்டே இவரைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

"வுட் ஃபில்லரா? மக்குன்னு சொல்லுங்க சார், ஆசாரிங்க அப்படித்தான் கேப்பாங்க. ஓட்ட எவ்ளோ பெருசு?"

"சின்னதுதாங்க" என்றார் சகாயநாதன். வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அளவை மில்லிமீட்டரில் சொல்லாமல் விட்டார்.

டப்பாவோடு வந்தவரிடம் கிருபாராணி என்னவென்று கேட்டாள்.

"மக்கு."

"அதுக்கு எதுக்குக் கடைக்குப் போனீங்க? வீட்லயே ஒண்ணு இருக்கே."

அவர் காதில் விழாதது போலக் கதவின் பின்பக்கம் டேப் ஒட்டினார். முன்பக்கத்திலிருந்து மொத்த மக்கையும் ஒரே தடவையில் திணித்து, கத்தியால் வழித்துவிட்டார். ஆள்காட்டி விரல் நுழையும் ஓட்டை. கால் டப்பா போயிற்று. பார்க்க வழவழப்பாக இருந்தது. மறுநாள் வேலை முடிந்து வந்து டேப்பை உரித்தார். உள்ளே ஈரம் காயாமலே மேல்தோல் மட்டும் சுருங்கி விரிசல் விட்டிருந்தது. அப்போது அடித்த காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொள்ள, அடைப்பு முழுசாகக் கழன்று தரையில் உருண்டது.

கிருபாராணி அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இதப் பரிசோதன பண்ணி அனுப்பினது யாருங்க?"

முனிலட்சுமியிடம் மறுபடி போனார். இந்த முறை அளவைச் சொன்னார், பதினாலு மில்லிமீட்டர்.

"அது ஓட்ட இல்ல சார், சன்னல்" என்றார் முனிலட்சுமி. "ஆழமா இருந்தா மக்கு மட்டும் நிக்காது. அந்தத் தடிமனுக்கு மரக்குச்சி சீவி, பசை தடவி உள்ள அடிங்க. மேல மட்டும் மெல்லிசா மக்கு. காஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க, மறுபடி ஒரு கோட். அவசரப்பட்டா திரும்பவும் எங்கிட்டதான் வருவீங்க."

வியாழனும் வெள்ளியும் அப்படியே செய்தார். குச்சி அசையாமல் நின்றது. மக்கும் விரிசல் விடவில்லை. தடவிப் பார்த்தால் மேடு பள்ளம் தெரியவில்லை. ஆனால் கதவு கரும்பழுப்பு, மக்கு வெளிர்மஞ்சள். வட்டமாக, பளிச்சென்று, கதவின் நெற்றியில்.

"சந்தனப் பொட்டு நல்லா எடுப்பா இருக்கு" என்றாள் கிருபாராணி. அவர் முகம் வாடியதைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சரி, அந்த டிரில்லக் குடுங்க. கீழ ஓட்டைய நான் போடறேன்."

"உனக்குப் பழக்கமில்லயே."

"என் கண்ணு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்ல."

கீழே செய்தித்தாளை விரித்துவிட்டு நிதானமாகத் துளைத்தாள். லென்ஸ் அவள் கண்ணுக்கு நேரே உட்கார்ந்தது. தாளில் விழுந்த தூளை அவர் மடித்துக் குப்பையில் போடப் போனபோது தடுத்தாள். "அதே கதவோட தூள். பசையில குழைச்சுப் பூசினா நிறம் ஒத்துப்போகாதா?"

சகாயநாதன் அவளைப் பார்த்தார். மஞ்சள் பூச்சைக் கொஞ்சம் சுரண்டிவிட்டு, தூளை மெல்லிய சல்லடையில் சலித்து, பசையில் குழைத்து இருவரும் மேல்பூச்சு பூசினார்கள். சனிக்கிழமை தேய்த்துப் பாலிஷ் தடவியதும் வட்டம் மரத்தோடு கலந்து போயிற்று.

ஞாயிறன்று சர்ச்சில் பூசை முடிந்து இருவரும் வந்த கொஞ்ச நேரத்தில் சரோஜம்மாள் வந்தார். தொட்டியைப் பார்த்தார். பிறகு கதவருகே வந்து குனியாமல், எம்பாமல் லென்ஸில் கண் வைத்தார். அவரும் கிருபாராணி உயரம்தான்.

"எனக்கே அளவெடுத்து வெச்ச மாதிரி இருக்கே."

மேலே இருக்கும் அடைப்பை மறைக்க சகாயநாதனின் தலைக்கு மட்டும்தான் உயரம் போதும். அதனால் அவர் நகர்ந்து வந்து பின்னந்தலையைக் கதவில் சாய்த்து நின்றார்.

"ஏம்ப்பா, கழுத்து வலியா?" என்றார் சரோஜம்மாள்.

அவ்வளவுதான், சகாயநாதனால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "அம்மா, ஒரு ஓட்டைக்குத்தான் கேட்டேன். ரெண்டு போட்டுட்டேன். மேல ஒண்ண அடைச்சிருக்கேன்."

கிருபாராணி கண்ணை மூடிக்கொண்டாள்.

சரோஜம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். விரலால் தடவினார். "எங்கப்பா?" கடைசியில் சகாயநாதனே விரல் வைத்துக் காட்ட வேண்டியதாயிற்று.

"இங்க பாருங்கம்மா, உங்களுக்கே கெடைக்கல, இவரு கை காட்டறாரு. இவரோட நான் எப்படிக் குடும்பம் நடத்தறது?" என்றாள் கிருபாராணி.

சரோஜம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். "யாரு அடைச்சது?"

"உள்ள இருக்கறது நான். வெளிய தெரியறது இவ" என்றார் சகாயநாதன்.

"அப்ப ரெண்டு பேருமே அடுத்த ஞாயிறு பாகலூர் வாங்க. எங்க அலமாரிக் கதவு மூலைய எலி கடிச்சு வெச்சிருக்கு."

போனார்கள். எலி நன்றாகவே கடித்திருந்தது. சகாயநாதன் ஸ்கேலை எடுத்து அளந்தார், குச்சியைச் சீவினார், மக்கைக் குழைத்தார். கத்தியில் எடுத்துவிட்டு ஒரு கணம் நின்றார்.

"ராணி, வெக்கறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவ பாத்துடு."

பின்கட்டில் சரோஜம்மாளோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்த கிருபாராணி கையைத் துடைத்தபடி எழுந்து வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் மெல்லிசா" என்றாள்.