சோம்புத் தட்டு

கொரோனா போன பிறகும் அந்தக் கள்ளக்குறிச்சி ஓட்டலில் பெரியநாயகி மட்டும் மாஸ்க்கைக் கழற்றவில்லை. பிறவியிலேயே பிளந்து, தையல் போட்டு ஒட்டவைத்த மேலுதடு அவளுக்கு. மாஸ்க் வருவதற்கு முன்னால் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தாள்; வந்த பிறகுதான் முதலாளி அவளை ஏசி அறையில் பரிமாற விட்டார்.

அன்று கச்சிராயபாளையத்துக் கரும்பு விவசாயி ஒருவர் சாப்பிட்டு முடித்து, சோம்புத் தட்டில் ஐம்பது ரூபாய் டிப்ஸ் வைத்தார்.

“கண்ணு லட்சணமா கீது. மாஸ்க்க எடும்மா, மூஞ்சியப் பாக்கலாம்.”

“தூசி ஒத்துக்காதுங்க.”

“ஏசில இன்னா தூசி?”

கழற்றினாள்.

அவர் சோம்பை ஒரு சிட்டிகை அள்ளினார். கூடவே நோட்டையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மென்றபடியே எழுந்து போனார்.

பெரியநாயகி மாஸ்க்கை மாட்டிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனாள். அங்கிருந்தவர் அவள் கண்களைப் பார்த்து, “சூடா இன்னா கீதும்மா?” என்று குழைந்தார்.