நடுவிரல் உயரக் கான்ஸ்டபிள்

லோகேஸ்வரி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு சிப்பாயின் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தாள். நடுவிரல் உயரமுள்ள பிளாஸ்டிக் சிப்பாய். பாலைவனச் சண்டைக்கென்று எவனோ எங்கோ அச்சில் வார்த்தது. ஹெல்மெட் போட்ட அந்தத் தலை அவளுக்குத் தேவையில்லை. அரைக்கால் சட்டையும் முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறையும் இருந்தால் போதும்; மலாயாப் போலீஸ்காரனாக்கிவிடலாம்.

ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில், ஊசிமுனை ஓட்டையைக்கூடக் கண்டுபிடிக்கிற வேலை அவளுக்கு. உலு யாம் வீட்டுக்கு வந்தால் அந்தக் கண்ணுக்குத் தீனி பொம்மைகள்தான். வாங்குவாள், வெட்டுவாள், ஒட்டுவாள், வேறு ஆளாக்குவாள். இதைக் கேள்விப்பட்டுத்தான் ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜன் திருச்செல்வம் அவளைத் தேடி வந்தார். கெர்லிங் மண்டபத்தில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர்கள் கண்காட்சி வைக்கிறார்களாம். மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் தோட்டங்களைக் காவல் காத்தவர்களைப் பொம்மைகளாக வைக்க வேண்டுமாம். ஆண்டு 1952, தோட்டத்துக் காவல் சாவடி, காலை அணிவகுப்பு.

அப்படிப்பட்ட பொம்மை எந்தக் கடையிலும் இல்லை. பாலைவனச் சிப்பாய்கள் ஒரு பெட்டி கிடைத்தார்கள். பட்டி மாவைப் பிசைந்து அவர்களுக்குப் புதுத் தலை பிடித்து, கறுப்புச் சொங்கோக் தொப்பி வைத்தாள். சார்ஜன் பொம்மைக்கு மட்டும் பொருத்தமான உடம்பு அகப்படவில்லை. கடைசியில், யாருடைய பிறந்தநாள் கேக் மேலோ நின்ற கோல்ஃப் ஆட்டக்காரர் சிக்கினார். மட்டையை நறுக்கினால் பிரம்பு. தொப்பை ஏற்கெனவே இருந்தது.

வேலை நன்றாகத்தான் போயிருக்கும், திருச்செல்வம் வாராவாரம் பூதக்கண்ணாடியோடு வராமல் இருந்திருந்தால்.

"ஏம்மா, இவன் சொங்கோக் ஏன் சாஞ்சிருக்கு? போலீஸா, கல்யாண மாப்பிள்ளையா?"

நிமிர்த்தி வைத்தாள்.

"இந்தப் பட்டன் ரெண்டும் ஒரே அளவா இல்லியே."

"அங்கிள், அது எறும்புக் கண்ணு சைஸ் லா."

"எறும்புக்கு மட்டும் ஒரு கண்ணு பெருசு, ஒரு கண்ணு சின்னதாவா இருக்கு?"

அதையும் மாற்றினாள். ஆசையாசையாக முடித்த சார்ஜன் பொம்மையை அவர் முன்னால் வைத்தபோதுதான் பொறுமை போனது. அவர் குனிந்தார், சுற்றிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"இவன் என்னா, கோல்ஃப் அடிக்கற மாதிரி நிக்கறான்?"

உண்மையைத்தான் சொன்னார். அதனால்தான் அவளுக்குக் கோபம் இரண்டு மடங்காக வந்தது. அவர் வாசல் தாண்டியதும், மிச்சமிருந்த ஒரே ஒரு கான்ஸ்டபிளைக் கையில் எடுத்தாள். அவருடையதைப் போலவே காதை விடைக்க வைத்தாள். மூக்கை நீட்டினாள். மீசையைத் தொங்கவிட்டாள். சட்டையின் இடது ஓரத்தைக் கால்சட்டைக்கு வெளியே இழுத்துவிட்டாள். சார்ஜனிடம் திட்டு வாங்கித் திருதிருவென விழிக்கிற கான்ஸ்டபிள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும், யாரென்று.

அவள் கணவன் புனிதன் எட்டிப் பார்த்தான். சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டான். "வேணாம் லோகேஸ், அவரு பூதக்கண்ணாடியோட வருவாரு."

"வரட்டும். எல்லாம் சரியா இருக்கணும்னுதானே சொன்னாரு? மூஞ்சி சரியாத்தான் இருக்கு."

அந்தக் கான்ஸ்டபிளை மட்டும் கண்காட்சி நாளன்று காலையில்தான் கொண்டுபோய் நிறுத்தினாள். திருச்செல்வம் அப்போது நாற்காலிகளை நூல் பிடித்தாற்போல் அடுக்கவைத்துக்கொண்டிருந்தார்.

கோலசிலாங்கூரிலிருந்து சேது வந்திருந்தார். திருச்செல்வம் போலீசில் சேர்ந்த காலத்தில் அவருக்குப் பயிற்சி கொடுத்தவர். இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். மேசை அருகே வந்து குனிந்தவர், மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம் போட்டார்.

"அடேய், இது நம்ம செல்வம் டா! மொத அணிவகுப்புக்குச் சட்டையத் தொங்கவிட்டுட்டு வந்தானே, அதே முழி!"

லோகேஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படி ஒன்று நடந்ததே அவளுக்குத் தெரியாது. ஆட்கள் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ கைப்பேசியில் படம் எடுத்தார்கள். திருச்செல்வம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார், பூதக்கண்ணாடியை எடுத்தார். வெகுநேரம் நிமிரவேயில்லை. வீட்டில் இருந்த துணிச்சல் இப்போது எங்கே போனதென்று அவளுக்குத் தெரியவில்லை. வயதானவரை இப்படிச் சபை நடுவில் நிறுத்திவிட்டோமே என்று நினைத்தாள்.

"இது எந்த வருஷம்மா?" என்று கேட்டார்.

"அம்பத்திரண்டு, அங்கிள்."

"நான் பொறந்ததே அம்பத்தாறு. பொறக்காதவன் எப்படி லா டியூட்டிக்கு வருவான்?"

மண்டபம் அதிர்ந்தது. சேது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திருச்செல்வம் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அது நிஜமாகவே பெரிய பிழை.

"மன்னிச்சிடுங்க அங்கிள். கோவத்துல செஞ்சிட்டேன்."

"மன்னிப்பெல்லாம் எதுக்கு? காது கரெக்ட்டா இருக்கு." கான்ஸ்டபிளை இரண்டு விரலால் பதமாகத் தூக்கிக் கைக்குட்டையில் சுற்றினார். "ஆனா சட்டை தொங்குனது வலது பக்கம். ஒன்ன யாரு எடது பக்கம் தொங்கவிடச் சொன்னா?"

அடுத்த சனிக்கிழமை, பழைய சீருடையை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு உலு யாம் வீட்டுக்கு வந்துவிட்டார். சட்டைப் பொத்தான்கள் வயிற்றருகே சேரவில்லை. வலது ஓரத்தைத் தானே வெளியே இழுத்துவிட்டு, கூடத்தின் நடுவில் விறைப்பாக நின்று முழித்துக் காட்டினார். புனிதன் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் படம் எடுத்தான்.

"இது எழுபத்தாறு, பயிற்சி மைதானம்," என்றார் திருச்செல்வம், கண்ணை அசைக்காமல். "எனக்கு எதிர்ல என் மேலதிகாரி சேது துவான் நிக்கணும். வாயத் தொறந்து கத்தணும். உள்நாக்கு தெரியணும், சொல்லிட்டேன்."

"அவருக்குத் தெரிஞ்சா என்னா சொல்லுவாரு அங்கிள்?"

"வரலாறுன்னு சொல்லு."

அப்போதுதான் அவர் மீசைக்கடியில் ஏதோ அசைந்ததை அவள் பார்த்தாள்.

வாயைப் பிளந்த மனிதனுக்காக லோகேஸ்வரி ஊர் ஊராகத் தேடினாள். கொட்டாவி விடுகிறவன் கிடைத்தான்; பல்வலிக்காரன் கிடைத்தான். கடைசியில் அசாம் ஜாவாவில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில், மைக்கைப் பிடித்துக்கொண்டு உச்சஸ்தாயியில் பாடுகிற ஆள் அகப்பட்டான். மைக்கை வெட்டி எறிந்துவிட்டு, படம் எடுத்துத் திருச்செல்வத்துக்கு அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது: "வாய் சின்னது."

லோகேஸ்வரி கத்தியை எடுத்து, பாடகனின் தாடையைக் கீழே இறக்கத் தொடங்கினாள்.