ஷோகேஸில் இறந்த இளவரசன்

இளவரசனைக் கொன்றது நான்தான். பட்டப்பகலில், கடை வாசலில் வரிசைகட்டி நின்ற நாற்பது ஐம்பது பிள்ளைகளின் கண் முன்னால். கத்தி, அம்பு எதுவும் தேவைப்படவில்லை. ஷோகேஸின் உள்பக்கம் ஒட்டியிருந்த பழுப்புத் தாளை ஒரே இழுப்பாக இழுத்தேன், ஆள் காலி.

புத்தகக் கடையில் இளையோர் பகுதி என் பொறுப்பு. புதுப் புத்தகம் வந்தால் ஷோகேஸ் அலங்காரமும் என் தலையில். எனக்கும் ஏதோ திறமை இருக்கிறது என்று முதலாளி ஒப்புக்கொண்டது இந்த ஒன்றில்தான் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே மெனக்கெடுவேன். இந்தத் தடவை பக்கத்துத் துணிக்கடையில் ஒரு ஆண் பொம்மையை இரவல் வாங்கி, பழைய ஜன்னல் திரையில் அங்கி தைத்துப் போட்டு, அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒட்டிப் படகு செய்து, அதில் அவனைப் படுக்க வைத்திருந்தேன். பொம்மைக்குக் கண் மூடாது. அதனால் கண்மேல் ஒரு வெள்ளைத் துணி. மார்பில் காகிதப் பூக்கள். கரையில் தீப்பந்தத்தோடு, அட்டையில் வெட்டிய படகோட்டி மகள். ஆறு நீல பாலிதீன் தாள். அடியில் சின்ன மின்விசிறி வைத்ததால் அது நிஜமாகவே அலையடித்தது.

கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் அசையவில்லை. வரிசையில் முதலாவதாக, கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்றிருந்த பெண் ஓரடி பின்னால் போனாள். கண்ணாடி வழியாகக் குரல் வராது. உதடு மட்டும் தெரிந்தது. 'செத்துடுறானா?'

அன்று விற்பனைக்கு வந்தது மூன்று பாகக் கதையின் கடைசிப் பாகம். மூலக்கதை நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து தொலைத்த பழங்கதைதான். மேட்டு நகரத்து இளவரசன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் படகோட்டியின் மகள். பார்க்கக்கூடாது, பேசக்கூடாது என்று ராஜாவின் சட்டம். கடைசியில் அவன் அம்பு பட்டுச் சாக, படகில் கிடத்தி அவளே தீ வைக்கிறாள். புதுக்கதையில் படகோட்டி மகளோடு ஆற்றுத் தண்ணீர் பேசும். இளவரசனுக்குப் பொழுது சாய்ந்தால் இறக்கை முளைக்கும். ஏன் என்று கேட்கக்கூடாது. கேட்டால் பிள்ளைகள் நம்மைப் பாவமாகப் பார்ப்பார்கள்.

முதலாளி என்னைக் கிடங்குக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்க?"

"பழைய கதைதானே சார். அவன் சாவான்னு ஊருக்கே தெரியும்."

"தெரிஞ்ச சாவுக்கு எதுக்குய்யா ரெண்டு வருஷமா காத்திருக்காங்க? இந்த ஒரு தடவையாவது பொழைச்சுக்க மாட்டானான்னுதானே."

எனக்கு அது தோன்றவே இல்லை. ஆழம் தெரியாமல் காலை விடுவதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு.

"சரி, முழுசாப் படிச்சியா?"

"படகு வரைக்கும் படிச்சேன்."

"அப்புறம்?"

"மூக்குக்கண்ணாடி நனைஞ்சிடுச்சு சார். மூடி வெச்சுட்டேன்."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். நாற்பத்தாறு வயசு ஆண்பிள்ளை, முன்வழுக்கை, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பிள்ளைகள் கதைக்கு அழுதிருக்கிறான். திட்டுவதற்கு வைத்திருந்த மிச்சத்தை அவர் விழுங்கிவிட்டார்.

இதெல்லாம் எப்படியோ போகட்டும். என் பெரிய கவலை வேறு. அந்த முதல் ஆள், மூக்கு ஒட்ட நின்ற பெண், நீதிபதி.

நீதிபதி என்பது நான் வைத்த பெயர், அவளுக்குத் தெரியாது. வயது பதினாறு. எங்கள் கடைக்கு எதிரே கண்ணாடிக்கடையில் கண் பரிசோதிக்கும் அம்மையாரின் ஒரே மகள். அவர் டாக்டர் இல்லை, ஆனால் தெருவே டாக்டர் என்று கூப்பிடுகிறது, நானும்தான். போன வருஷம் பொடி எழுத்து மங்கலாகிறது என்று அவரிடம் போனேன். சில்லு மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டார். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றேன். "ஒரு தடவையாவது நேரா பதில் சொல்லுங்க சார், உங்க கண்ணுதானே" என்றார். அன்றைக்கு விழுந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவருக்கும் என்மேல் இரக்கத்துக்கு மேற்பட்ட ஏதோ ஒன்று இருந்தது. கல்யாணம் வரைக்கும் பேசிவிட்டோம்.

ஆனால் ஒரு நிபந்தனை. "என் பொண்ணு சரின்னு சொல்லணும். அவ வேணாம்னா வேணாம்" என்றார் டாக்டர். மகளிடம் கேட்டும்விட்டார். அவள் சொன்ன பதில்: "பார்க்கலாம்." அதன் பிறகு மாதங்கள் ஓடிவிட்டன, பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

தமாஷைப் பாருங்கள். அவள் படிப்பது பூராவும் தடுக்கப்பட்ட காதல். சூனியக்காரியின் பேரனும் சூனியக்காரர்களைப் பிடிப்பவன் மகளும். நிலவில் இருப்பவளும் நிலத்தில் இருப்பவனும். யார் யாரைக் காதலித்தாலும் நீதிபதிக்குச் சம்மதம். தடுக்கிற அப்பன், ராஜா, பூசாரி யாராக இருந்தாலும் அவளுக்கு ஆகாது. அம்மாவும் புத்தகக்கடைக்காரனும் என்றால் மட்டும் தீர்ப்பு ஒத்திவைப்பு.

இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்துகொண்டிருந்தாள். என்னை 'சார்' என்றவள் 'அங்கிள்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். புதுசாக என்ன வந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு பள்ளி விட்டதும் நேரே கடைக்கு வருவாள். அந்த நிலையில்தான் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்குக் கதவு திறந்ததும் முதல் பிரதி அவளுக்குத்தான். நானே எடுத்து நீட்டினேன்.

"பாப்பா, அது வந்து..."

"நன்றி சார்" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் டீ குடிக்கிற சாக்கில் கண்ணாடிக்கடைக்குப் போனேன். டாக்டர் ஒரு மூக்குக்கண்ணாடிச் சட்டத்தின் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார்.

"வாங்க கொலைகாரரே."

"சிரிக்காதீங்க. என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லல. லீவுதானே, ரூமுக்குள்ள போனவதான். சாப்பிட மட்டும் வெளிய வர்றா. கண்ணு ரெண்டும் சிவந்திருக்கு."

"என் மேல கோபமா?"

"கேக்கல."

"அப்ப நம்ம விஷயம்?"

திருகாணி கீழே உருண்டுவிட்டது. அதைத் தேடுகிற சாக்கில் அவர் மேசைக்கு அடியில் குனிந்தார். அடியிலிருந்தே குரல் வந்தது. "அவ முதல்ல படிச்சு முடிக்கட்டும்."

"முடிச்சா?"

"முடிச்சா பார்க்கலாம்."

மகளுக்கு இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

இதற்கிடையில் கடையில் வேறு கூத்து. ஷோகேஸைப் படம் எடுத்துப் பிள்ளைகள் ஊர் பூராவும் அனுப்பிவிட்டார்கள். 'இளவரசனைக் கொன்ற கடை' என்று எங்களைத் தேடிவந்து புத்தகம் வாங்கினார்கள். எல்லாம் தீர்ந்தது. அலங்காரத்துக்கு வைத்திருந்த பிரதியைக்கூட முதலாளி படகிலிருந்து உருவி விற்றுவிட்டார். "அடுத்த மாசம் வேற ஒண்ணு வருது, யாரைக் கொல்லலாம்னு யோசிச்சு வை" என்றார்.

முதலில் படித்து முடித்தவர்கள் வர ஆரம்பித்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அங்கிள், நீங்க முழுசாப் படிக்கலதானே?"

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"சாகலையா அவன்?"

"படிச்சுப் பாருங்க."

படிக்கக் கையில் பிரதி இல்லை. புத்தகக் கடையில் வேலை செய்கிறேன், நானே கொன்றவன் செத்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படியோ அப்படி வாயைத் திறக்க முடியாமல் அலைந்தேன்.

அந்த வாரக் கடைசியில், கூட்டமில்லாத ஒரு சாயங்காலம், பொம்மையைத் திருப்பிக் கொடுப்பதற்காக ஷோகேஸுக்குள் மண்டியிட்டு அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் நிழல் விழுந்தது. நீதிபதி, கையில் புத்தகத்தோடு.

"கடைசி அத்தியாயம் மட்டும் படிங்க" என்று நீட்டினாள். "இங்கயே."

படகின் விளிம்பில் உட்கார்ந்தேன், அட்டை நசுங்கியது. அவள் ஷோகேஸின் குட்டைப் படியில் உட்கார்ந்து நான் படிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை ஹாலில் இருப்பது மாதிரி இருந்தது.

படகோட்டி மகள் தீப்பந்தத்தை ஓங்குகிறாள். ஆறு அவளிடம் பேசுகிறது. அவன் இறக்கையை எனக்குக் கொடுத்தால் அவன் உயிரை உனக்குத் தருகிறேன் என்கிறது. கொடுக்கிறாள். இளவரசன் எழுந்து உட்கார்ந்து இருமுகிறான். கடைசிப் பக்கத்தில் அவன் துடுப்புப் போட்டு ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகிறான். கொஞ்சம் தொப்பைகூட விழுந்திருக்கிறது.

"பொழைச்சுட்டான்" என்றேன். மூக்குக்கண்ணாடி மறுபடி நனைந்திருந்தது, சட்டையில் துடைத்தேன்.

"நீங்க காட்டின பொணத்த மனசுல வெச்சுக்கிட்டு முழுப் புத்தகத்தையும் அழுதுகிட்டே படிச்சேன். சாகவே இல்ல."

"மன்னிச்சிடு. ஆனா சந்தோஷமான முடிவுதானே?"

"எனக்குப் பிடிக்கல. இறக்கை போச்சு, நாடு போச்சு. சும்மா படகு ஓட்டிக்கிட்டு, வர்றவங்க போறவங்ககிட்ட வானிலையப் பத்திப் பேசிக்கிட்டிருக்கான். இதுக்கா இவ்வளவு?"

"உயிரோட இருக்கானே."

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க."

தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டேன். இதற்குமேல் சுற்றி வளைத்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

"பாப்பா, நேரா கேக்கறேன். நான் உங்க வீட்டுக்கு வர்றதுல உனக்கு என்ன கஷ்டம்?"

அவள் புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கி, ஒரு பக்கத்தின் முனையை மடக்கினாள், நீவினாள். வேறு யாராவது என் முன்னால் புத்தகத்தை அப்படி மடக்கியிருந்தால் திட்டியிருப்பேன்.

"உங்களால ஒண்ணும் இல்ல" என்றாள். "அப்பா வேற ஊர்ல வேற வீட்ல நல்லா இருக்கார். திரும்பி வருவார்னு நான் நினைக்கல. ஆனா நான் சரின்னு சொன்னா, வரமாட்டார்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும்ல. அவர் போனப்ப என்னை யாரும் கேக்கல. அம்மா விவாகரத்துக்குச் சரின்னப்பவும் கேக்கல. இதுக்கு மட்டும் ஏன் என்னைக் கேக்கறீங்க?"

இத்தனை நாளாக அவளைத் தடுக்கிற ராஜாவாக நினைத்து, பெயர் வேறு வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். நீதிபதி நாற்காலியில் அவளாக ஏறவில்லை. நாங்கள்தான் தூக்கி உட்கார வைத்திருந்தோம். டாக்டருக்குப் பயம், எனக்கும் பயம். இரண்டையும் சேர்த்துக் கட்டி ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு, அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

"கேட்டது தப்புதான்" என்றேன். "எங்க ரெண்டு பேருக்கும் தைரியம் இல்ல. நாளைக்கு ஏதாவது சரியில்லாம போனா, நீ சொன்னதாலதான்னு சொல்லிக்கலாம்ல. உங்க அம்மா அப்படி நினைக்க மாட்டாங்க. நான் நினைச்சிருப்பேன்."

அவள் மடக்கிய முனையை மறுபடி நிமிர்த்தினாள்.

"அதனால அந்தக் கேள்விய வாபஸ் வாங்கிக்கறேன். முடிவு பண்றது நானும் அம்மாவும். நல்லதோ கெட்டதோ எங்க பொறுப்பு. நீ யாருக்கும் கையெழுத்துப் போட வேணாம். இன்னைக்கே உங்க அம்மாகிட்ட பேசறேன்."

"அம்மா ஒத்துக்க மாட்டாங்க. என்னைக் கேட்டுத்தான்னு சொல்வாங்க."

"சொல்லட்டும். நான் மேசைக்கு அடியில குனிஞ்சாவது பேசறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெருவுக்கு எதிரே கண்ணாடிக்கடையில் விளக்கு எரிந்தது. டாக்டர் யாருக்கோ சில்லு மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். நடுநடுவே எங்கள் பக்கம் பார்ப்பதும் தெரிந்தது. ஷோகேஸில் உட்கார்ந்து பேசினால் ஊருக்கே காட்சிதான். அரைகுறையாக அங்கி கழன்ற இளவரசன் வேறு எங்கள் இருவருக்கும் நடுவில்.

நான் பொம்மையின் கையைப் பிடித்துத் தூக்கப் போனேன். தோளோடு கழன்று வந்துவிட்டது. துணிக்கடைக்காரனுக்கு என்ன பதில் சொல்வது என்று அந்தக் கையைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து, பொம்மையின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

"வாபஸ் வாங்க வேணாம்" என்றாள். "கேட்டது கேட்டதுதான். பதில் சொல்றேன்."

"கட்டாயம் இல்லம்மா."

"கட்டாயம் இல்லங்கறதாலதான் சொல்றேன். உங்களப் பிடிக்குதான்னு கேட்டா, இன்னும் பிடிக்கல. வரலாமான்னு கேட்டா, வாங்க."