வெளி உணவுக்கு அனுமதி இல்லை

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் வழியில் தண்ணீர்ச் சறுக்குகளும் ராட்டினங்களும் உள்ள ஒரு விளையாட்டுப் பூங்கா இருக்கிறது. அதன் வாசலில் பெண்கள் வரிசையைச் சோதிப்பது என் வேலை. காக்கிச் சட்டை, கருப்புப் பேன்ட், கையில் கருப்பு மட்டை ஒன்று. உடம்பில் இரும்பு இருந்தால் மட்டை கத்தும் என்று வருகிறவர்கள் நம்புகிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அதில் பேட்டரி இல்லை.

ஆண்கள் வரிசையைப் பார்க்கும் மூத்த காவலர் காளிராஜ் அண்ணனிடம் அதைச் சொன்னேன்.

"பேட்டரி எதுக்குத்தா? நீ பாட்டுக்கு மேலயும் கீழயும் ஆட்டு. அவுக பயந்துக்கிட்டே உள்ள போவாக. அம்புட்டுத்தான் பாதுகாப்பு."

"நெசமாவே யாராச்சும் கத்தி கொண்டாந்தா?"

"கத்திய எடுத்துக்கிட்டு சறுக்கு விளையாட எவன் வாரான்? புளியோதரை கொண்டாராக பாரு, அதப் புடி."

உண்மையான வேலை அதுதான். உள்ளே பூங்காவின் சொந்தக் கடை இருந்தது. வாசலில், 'உங்கள் பாதுகாப்பு கருதி வெளி உணவுக்கு அனுமதி இல்லை' என்று பலகை இருந்தது. நாலே மாதத்தில் நான் தேறிவிட்டேன். குழந்தைத் துணிக்கு அடியில் சீடை, துண்டுக்குள் சுருட்டிய சப்பாத்தி, சுடுதண்ணீர் ஃபிளாஸ்க்கில் தயிர்சாதம், எதுவும் என் கைக்குத் தப்பாது. பிடித்ததை நீல டப்பில் போடுவோம். போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்வோம். பலர் மறந்துவிட்டுப் போவார்கள். மறக்காதவர்கள் வந்து கேட்டால், "கெட்டுப்போச்சு, கொட்டியாச்சு" என்பார் காளிராஜ் அண்ணன். நாங்கள்தான் தின்றிருப்போம். நானும் தின்றிருக்கிறேன்.

எப்போதும் மாஸ்க் போட்டிருப்பேன். "அழகின்னு பேர வச்சுக்கிட்டு மூஞ்ச மூடிக்கிட்டு நிக்கிறியே, பேருக்காச்சும் மரியாதை வேணாமா?" என்று காளிராஜ் அண்ணன் கேலி செய்வார். தூசி ஒத்துக்கொள்ளாது என்பேன். தூசி இல்லை. பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் நான். யாராவது காரணம் கேட்டால் அம்மாவின் இடுப்பு வலி என்று சொல்வேன். அதுவும் இல்லை. ஒரு நாள் ஆங்கிலப் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். முதல் வரியிலேயே திக்கிவிட்டேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. மறுநாள் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. அவ்வளவுதான்.

அன்று சிரிக்காதவள் பெனாசிர் ஒருத்திதான். என் பக்கத்தில் உட்காருவாள். என்னைத் திரும்பப் பள்ளிக்கூடம் கூட்டிப்போக இரண்டு தடவை வீட்டுக்கு வந்தாள். இரண்டு தடவையும் நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வீட்டில் இல்லை என்று அம்மாவைச் சொல்லச் சொன்னேன்.

மூன்று வருடம் கழித்து, போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் என் வரிசையில் நின்றாள். கூட ஏழெட்டு வயதில் தங்கச்சி, மஞ்சள் கவுன் போட்டிருந்தது. நான் மாஸ்க்கைக் கண்ணுக்குக் கீழ்வரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

மட்டையை ஆட்டினேன். பையைத் திறந்தேன். துண்டு, மாற்று கவுன், சின்ன ஜிப் பை. ஜிப் பைக்குள் பேனா மாதிரி ஒன்று இருந்தது. பேனாதானே என்று விட்டுவிட்டேன். அடியில் மாம்பழ ஜூஸ் பாக்கெட் இரண்டும் குளுக்கோஸ் பொடி ஒரு பாக்கெட்டும் இருந்தன. மூன்றையும் எடுத்து டப்பில் போட்டேன்.

"அக்கா, அது மட்டும் வேணும்க்கா," என்றாள் பெனாசிர். "தங்கச்சிக்கு சுகர் இருக்கு."

பக்கத்து வரிசையிலிருந்து காளிராஜ் அண்ணன் எட்டிப் பார்த்தார். "சுகர் உள்ள புள்ளைக்கு மாம்பழ ஜூஸா? எங்க ஆத்தாவுக்கும்தான் சுகர். பாயாசத்த எட்டி நின்னு பாக்கும், அம்புட்டுத்தான். காதுல பூ சுத்தாதம்மா."

"இது வேற சுகர்ணே. ஊசி போட்ட பெறகு சில நேரம் ரொம்ப எறங்கிரும். அப்ப இனிப்புதான் மருந்து."

"டாக்டர் சீட்டு இருக்கா?"

"வீட்டுல இருக்கு." அவள் என்னைப் பார்த்தாள். "நீங்களாச்சும் சொல்லுங்கக்கா."

எங்கள் பெரியப்பாவுக்கும் சுகர். அவர் கைக்கு எட்டாமல் வெல்லத்தைக்கூட ஒளித்து வைப்பார்கள். சுகர் என்றால் இனிப்பு ஆகாது, இது ஊருக்கே தெரிந்த விஷயம். அதனால் அவள் சொல்வது பொய் என்று நினைத்தேன். ஆனால் பெனாசிர் பொய் சொல்ல மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். 'அண்ணே, எனக்குத் தெரிஞ்ச பொண்ணுதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காளிராஜ் அண்ணன் விட்டிருப்பார். வாயைத் திறந்தால் என் குரல் அவளுக்குத் தெரிந்துவிடும். மாணவர் சலுகைச் சீட்டுக்காகக் காட்டிய கல்லூரி அடையாள அட்டை அவள் கழுத்தில் தொங்கியது. நான் தலையை ஆட்டி, பலகையைக் கைகாட்டினேன்.

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். "ஜூஸுக்காக எம்புட்டு நேரம்மா நிக்கிறது, வெயில்ல மண்ட காயுது," என்றாள் ஒருத்தி.

"வா அமீனா," என்றாள் பெனாசிர்.

"லாத்தா, போகையில தருவாகளா?" என்று அக்காவைக் கேட்டது தங்கச்சி.

"தருவாக."

பன்னிரண்டரைக்கு வரிசை ஓய்ந்தது. காளிராஜ் அண்ணன் டப்பைக் கிளறி ஒரு ஜூஸைத் தான் எடுத்துக்கொண்டு, இன்னொன்றை என்னிடம் நீட்டினார். "இந்தா, ஒம் பங்கு."

வாங்கிக்கொண்டேன். சுவர்ப் பக்கம் திரும்பி, மாஸ்க்கை இறக்கிக் குடித்தேன். வெயிலில் சூடாகியிருந்தது. ஸ்ட்ரா சத்தம் போடும்வரை உறிஞ்சினேன்.

ஒரு மணிக்கு மேல் அலைக்குளத்தின் பக்கம் கூச்சல் கேட்டது. ஓடினோம். அமீனா ஈரத்தரையில் கிடந்தாள். கை கால் நடுங்கியது. கண் பாதி மூடியிருந்தது. நனைந்த உடம்பிலும் நெற்றியில் வேர்வை தனியாகத் தெரிந்தது.

"வலிப்பு! கையில இரும்பக் குடுங்கப்பா!" என்று யாரோ கத்தினார்கள். காளிராஜ் அண்ணன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி, அமீனாவின் உள்ளங்கையில் வைத்து மூடிப் பிடித்துக்கொண்டார். முதலுதவி அறைச் சாவியும் அந்தக் கொத்தில்தான் இருந்தது. அதைத் திறக்க யாருக்கும் தோன்றவில்லை. திறந்திருந்தாலும் பஞ்சும் தலைவலி மாத்திரையும்தான் உண்டு.

"வலிப்பு இல்ல, சுகர் எறங்கிருச்சு!" பெனாசிர் தங்கச்சியின் தலையை மடியில் வைத்திருந்தாள். கூட்டத்தில் என் சட்டையைப் பார்த்துவிட்டாள். "அக்கா, அந்த ஜூஸக் கொண்டாங்க! ஓடுங்கக்கா!"

ஓடினேன். உள்ளேயே கடை இருப்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. வாசல் எவ்வளவு தூரம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எதை எடுக்க ஓடுகிறேன் என்பது பாதி வழியில்தான் உறைத்தது. டப்பைத் தரையில் கவிழ்த்தேன். முறுக்கு, லெமன் சாதப் பொட்டலம், யாரோ கடித்து வைத்த கொய்யா. எல்லாவற்றுக்கும் கீழே குளுக்கோஸ் பாக்கெட் கிடந்தது. காளிராஜ் அண்ணனுக்குப் பொடி பிடிக்காது. அதனால்தான் அது மிஞ்சியது.

திரும்ப ஓடிவந்து கொடுத்தேன். பெனாசிர் பொடியை நீர் விட்டுக் குழைத்து, விரலால் அமீனாவின் கன்னத்துக்கு உள்ளே தடவினாள். "முழுங்கு தங்கம், முழுங்கு." மறுபடி தடவினாள். மேலே ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்த ஆள் இல்லை. அந்தப் பாட்டு முடிந்து அடுத்தது பாதி போனபோது அமீனா கண்ணைத் திறந்தாள்.

"குளுருது லாத்தா."

பெனாசிர் அழுதாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஓடிய ஓட்டத்தில் மாஸ்க் கழுத்துக்கு இறங்கியிருந்தது.

"அழகி? ஏட்டி, நீயா?"

நான் நின்றேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துக் கட்டிக்கொண்டாள். "நல்லவேள, நீ இருந்தே. ஜூஸ் என்ன ஆச்சு?"

"காணோம்," என்றேன். மூன்று வருடத்துக்குப் பிறகு நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"போகட்டும் விடு. பொடியாச்சும் கெடச்சுச்சே."

மேலாளர் ராமநாதன் வந்தார். பெனாசிர் பையிலிருந்து அந்தப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றிக் காட்டினாள். இன்சுலின் ஊசி. "இத விட்டுட்டீக சார், ஜூஸப் புடிச்சுக்கிட்டீக. இவ மட்டும் இல்லேன்னா எந் தங்கச்சி இல்ல. எங்கூடப் படிச்சவ சார்." சுற்றி நின்றவர்களிடமும் அதையே சொன்னாள். யாரோ கை தட்டினார்கள். நான் குனிந்து பெல்ட்டைச் சரிசெய்தேன். ராமநாதன் சார், அமீனாவின் தோளில் என் கையைப் போடச் சொல்லிப் போட்டோ எடுத்தார்.

அடுத்த வாரம் அந்தப் போட்டோ ஆள் உயர பேனராக வாசலில் ஏறியது. மேலே, 'விழிப்பான காவல், நிம்மதியான விளையாட்டு' என்று போட்டிருந்தது. மட்டைக்குப் பேட்டரியும் வந்தது. முதல் நாளே அது ஒவ்வொரு தாலிச் சங்கிலிக்கும் வளையலுக்கும் கத்தி, வரிசை ரோடுவரை நீண்டது. மறுநாள் காளிராஜ் அண்ணன் பேட்டரியைக் கழற்றி ஆபீஸ் கடிகாரத்துக்குப் போட்டுவிட்டார். நான் என் படத்துக்குக் கீழே நின்று வெறும் மட்டையை ஆட்டினேன்.

நேற்றுக் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அம்மாவின் போன் அடித்தது. பூங்காவில் அன்றைக்கு பெனாசிர் கேட்டு வாங்கிய எண் அது. அம்மா எடுத்துப் பேசிவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அந்தப் பாய் வீட்டுப் புள்ளடி. இல்லேன்னு சொல்லவா?"

"குடும்மா," என்றேன்.

பேசியது அமீனா. "அக்கா, எனக்கு இப்ப நல்லாருக்கு. ஒங்க போட்டோவ மிஸ்ஸுகிட்டயெல்லாம் காமிச்சேன்."

"ம்."

"அக்கா, என் ஜூஸ் எங்க போச்சு?"

அந்தப் பிள்ளை குற்றமாகக் கேட்கவில்லை. பென்சில் தொலைந்தால் கேட்பதுபோலத்தான் கேட்டது. காணோம் என்ற சொல் நாக்கு வரை வந்தது.

"நாந்தான் குடிச்சேன்."

"ஐய! நீங்களா?" அமீனா சிரித்தாள். "லாத்தா, என் ஜூஸ அக்காதான் குடிச்சாகளாம்!"

போன் கைமாறும் சத்தம் கேட்டது.

"என்னடி சொல்லுறா இவ?" என்றாள் பெனாசிர். அவளும் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"நெசந்தான். ஒண்ணு நான் குடிச்சேன். இன்னொண்ண அண்ணன் குடிச்சாரு. வரிசையில நீ நிக்கிறப்பவே எனக்கு ஒன்ன அடையாளம் தெரிஞ்சுச்சு."

அவர்கள் வீட்டில் மிக்ஸி ஓடுவது கேட்டது, பிறகு நின்றது.

"அழகி."

"ம்."

"நான் ஒங்க வீட்டுக்கு வந்தப்பவும் நீ உள்ளதான் இருந்தே, இல்ல?"

"ஆமா. ரெண்டு தடவையும்."

அவள் திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

"அமீனாவுக்கு ஊசி போடுற நேரம்," என்றாள் பெனாசிர். "வைக்கிறேன்."