ஓட்டாத வண்டி

“பக்கத்து சீட்ல ஏன் உக்காரல நீங்க?”

வெர்லின் வாயைத் திறந்து மூடினான். கேட்டவள் அரசாங்கம் அவனுக்குக் கொடுத்திருந்த வக்கீல், டோலஃப்சன் என்ற சின்னப் பெண். அவனுடைய மூத்த மகளைவிட ஒன்றிரண்டு வயது கூட இருப்பாள். கிண்டலாக அவள் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினாள், அதுதான் தொந்தரவு. நாற்பத்தாறு வயதில் சொந்த பிக்கப்பின் பக்கத்து சீட்டில் அவன் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அந்த சீட் டயரில் சுற்றும் பனிச் சங்கிலிக்கும், ஸ்பேனர் பெட்டிக்கும், எண்ணெய் ஊறிய கையுறைகளுக்கும், வீட்டு நாய்க்கும் உரியது. மனிதன் தன் வண்டிக் கதவைத் திறந்தால் உடம்பு தானாகப் போய் ஸ்டீயரிங்குக்கு முன்னால் விழும். செருப்பை ஏன் காலில் போட்டாய் என்று கேட்டால் என்ன சொல்வது?

“அங்க சாமான் கிடந்துச்சு.”

“பின் சீட்?”

“இந்த உடம்ப வெச்சுக்கிட்டா? குறுக்க மடிச்சுப் போட நான் என்ன கோட்டா, சட்டையா?”

அவள் சிரிக்கவில்லை. தன் பூட்ஸிலிருந்து உருகிய பனி கம்பளத்தில் கறுப்பாகப் பரவுவதைப் பார்த்து வெர்லின் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

நடந்தது இவ்வளவுதான். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, அவனோடு தண்ணீர் லாரி ஓட்டிய ஆர்லோவுக்குத் தேவாலயத்தில் இறுதிப் பிரார்த்தனை முடிந்தது. வடக்கு டகோட்டாவில் ஜனவரி மண்ணைக் கடப்பாறையாலும் பிளக்க முடியாது. சவப்பெட்டியை வசந்தம் வரை கொட்டகையில் வைத்தார்கள். புதைக்காத துக்கத்தோடு எல்லோரும் பாருக்குப் போனார்கள். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பதைத் தாண்டியிருந்தது. அந்தக் குளிரில் நிறுத்திவைத்த டீசல் கூழாகிவிடும். அதனால் உள்ளே குடிப்பவர்கள் முறை வைத்து வெளியே போய் எல்லோருடைய வண்டிகளையும் கிளப்பி, கொஞ்ச நேரம் உறுமவிட்டு, அணைத்துவிட்டு வருவார்கள். சாவி வண்டியிலேயே தொங்கும். சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு உள்ளே வருகிறவனை வெளியூர்க்காரன் என்று தெரிந்துகொள்ளலாம். கடைசி முறை வெர்லினுடையது. அவன் மச்சான் கர்ட் வாசலில் வைத்து அவன் தோளைத் தட்டி, “நீ ஓட்டாத. இவனுங்கள வீட்ல தள்ளிட்டு வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்” என்றான். கர்ட்டும் அவ்வளவே குடித்திருந்தான். வண்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. பார்க்காரி விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டினாள். வெர்லின் தன் பிக்கப்பில் ஏறி, ஹீட்டரை முழுக்கத் திருகிவைத்துவிட்டுக் காத்திருந்தான். தூங்கிப்போனான். கண்ணாடியைத் தட்டி எழுப்பியவன் ஷெரிஃபின் ஆள்.

“அந்த போலீஸ்காரரே எழுதியிருக்கார், வீல சுத்தி பனி கலையாமக் கிடந்துச்சுன்னு,” என்றாள் டோலஃப்சன். “நீங்க ஓட்டலன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா இங்க சட்டத்துக்கு ஓட்டணும்னு அவசியமில்ல. குடிச்சவன் கையில ஓடுற வண்டி இருந்தாப் போதும். தண்டனை ரெண்டுக்கும் ஒண்ணுதான்.”

“என்ஜின அணைச்சிட்டு உக்காந்திருந்தா?”

“நம்ம பக்கம் கேஸ் கொஞ்சம் வலுவா இருந்திருக்கும்.”

“நான் விறைச்சுக் கிடந்திருப்பேன்.”

“அதையும் ஜூரி முன்னாடி சொல்லலாம்,” என்று அவள் தலையை ஆட்டினாள்.

பிறகு அரசு வக்கீல் சொல்லியனுப்பிய பேரத்தைச் சொன்னாள். குடிக் கேஸை எடுத்துவிடுவார்கள். பதிலுக்கு, ஆபத்தான முறையில் வண்டி ஓட்டியதாக ஒரு சின்னக் குற்றத்தை அவன் ஒப்புக்கொள்ள வேண்டும். அபராதத்தோடு போய்விடும், லாரி லைசென்ஸ் தப்பும். வழக்காடித் தோற்றால் லைசென்ஸ் ஒரு வருஷத்துக்கு முடக்கம். லாரிக் கம்பெனி ஒரு வருஷம் யாருக்காகவும் காத்திருக்காது.

“அப்போ நான் ஓட்டினதா சொல்லணும்.”

“ஜட்ஜ் முன்னாடி, உங்க வாயால. எப்படி ஓட்டினீங்கன்னு அவர் கேப்பார்.”

“நான் ஓட்டவே இல்லையேம்மா.”

“ஓட்டலங்கறதுக்குத்தான் இப்ப கேஸு. ஓட்டினேன்னு சொன்னா கேஸ் இல்ல.” சொல்லி முடித்ததும் அவளுக்கே அது எப்படி ஒலித்தது என்று தெரிந்துவிட்டது. பேனாவை மூடினாள். “வெள்ளிக்கிழமை காலையில கோர்ட்டு. வழக்காடணும்னா உங்க மச்சான் சாட்சி வேணும். திரும்பி வந்து கூட்டிட்டுப் போறதா அவர் சொல்லியிருந்தார்னு அவரே வந்து சொல்லணும். அது இருந்தா எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருக்கு. அது இல்லாம…” மீதியைக் கையால் சொன்னாள்.

போன ஆகஸ்டில் குடித்துவிட்டு ஓட்டிய ஒருவன் நெடுஞ்சாலையில் இரண்டு பள்ளிக்கூடப் பெண்களைக் கொன்றிருந்தான். அதற்கப்புறம் இந்த மாவட்டத்தில் எந்த ஜூரியும் குடிகாரன் என்ற சொல்லைச் சாதாரணமாகக் கேட்காது என்பதை அவள் சொல்லாமலே வெர்லின் அறிவான். அந்த இடத்துக்கு முதலில் வந்து சேர்ந்த லாரி அவனுடையது. சாலைக்குக் குறுக்கே லாரியை நிறுத்தி, வந்த வண்டிகளைக் கைகாட்டித் திருப்பிக்கொண்டு நின்றவன் அவன்தான். செத்த பெண்களில் ஒருத்தியின் அப்பா, தீவனக் கடை வைத்திருக்கும் மைலோ, பிறகு ஒருநாள் கடையில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார். அன்றிலிருந்து வெர்லின் குடித்தால் ஓட்டுவதில்லை. யாரிடமும் சொல்லிக்கொண்டு எடுத்த முடிவல்ல. இனி ஊர்ப் பத்திரிகையின் கோர்ட்டுப் பக்கத்தில் அவன் பெயருக்கு எதிரே ஆபத்தாக வண்டி ஓட்டியவன் என்று வரும். மைலோ கல்லாவில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை வரி விடாமல் படிக்கிற ஆள்.

அன்று சாயங்காலம் வெர்லின் போனபோது கர்ட் தன் தொழுவத்தின் பின்னால், உறைந்துபோன தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே மல்லாந்து கிடந்தான். சுற்றிலும் மாடுகள் முதுகில் பனி சுமந்து, மூக்கிலிருந்து புகை விட்டபடி, தாகத்தோடு அவனையே பார்த்துக்கொண்டு நின்றன.

“வந்துட்டியா. இந்த டார்ச்சப் பிடி. நெருப்பு குழாய்ல படணும், என் மீசையில இல்ல.”

வெர்லின் மண்டியிட்டு காஸ் டார்ச்சை வாங்கிப் பிடித்தான். நீலத் தீ குழாயை நக்கியது.

“வக்கீலம்மா உன்னைக் கேட்டாங்க.”

“கேப்பாங்க.”

“ஒரு வார்த்த போதும் கர்ட். திரும்பி வரேன்னு சொல்லியிருந்தேன்னு.”

“ஒரு வார்த்தையா? அடுத்த கேள்வி என்ன? எதுல வந்திருப்ப? எதுல போன? போகும்போது எவ்வளவு உள்ள இருந்துச்சு?” கர்ட் தொட்டிக்கு அடியிலிருந்தே பேசினான், அவன் முகம் தெரியவில்லை. “ஏற்கெனவே ரெண்டு தடவ மாட்டினவன் நான். மூணாவதுன்னா உள்ள போடுவாங்க. நான் உள்ள உக்காந்தா இதுங்களுக்குத் தண்ணி உன் வக்கீலம்மா வந்து காட்டுவாங்களா?”

“ஏன்டா வரல அன்னிக்கு?”

குழாயில் எங்கோ பனி நெரியும் சத்தம் கேட்டது.

“வீட்டுக்குப் போனேன். ஒண்ணுக்குப் போகலாம்னு இறங்கினேன். பூட்ஸக் கழட்டினேன். அதுதான் தப்பு. பூட்ஸ் கால்ல இருந்திருந்தா வந்திருப்பேன்.”

“செத்திருப்பேன்டா நான்.”

“சாகலையே. ஹீட்டர் ஓடிச்சுல்ல?” கர்ட் தலையை வெளியே நீட்டினான். தாடியில் பனி ஒட்டியிருந்தது. “உன்னை யாருய்யா அங்க உக்காரச் சொன்னது? நாங்க அத்தனை பேரும் வீடு போய்ச் சேரல? ஒருத்தன் பள்ளத்துல விழுந்தானா? ஒருத்தன் மாட்டினானா? நீ ஒருத்தன் மட்டும் சர்ச்சு மெழுகுவத்தி மாதிரி ஊர் நடுவுல லைட்டப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க. போலீஸ்காரன் பாவம், அவன் என்ன செய்வான்? பார்க்காத மாதிரிப் போகணும்னாக்கூட நீ விடல.”

“நீ வருவன்னு உக்காந்திருந்தேன்.”

“பேரம் குடுத்திருக்கான்ல? வாங்கிக்கோ. வெறும் வார்த்ததானே. நாலு பொய் சொல்லாத ஆளா நீ?”

டார்ச் வெர்லின் கையில் இருந்தது. தீயை ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் அந்தத் தாடியில் போய்ப் படும். அவனுடைய மணிக்கட்டு அதைக் கணக்குப் போட்டுப் பார்த்ததை அவனே கவனித்தான். பக்கத்தில் நின்ற பசு நாக்கை நீட்டித் தொட்டியின் காய்ந்த விளிம்பை நக்கியது. குழாய் இருமி, துப்பி, பிறகு தண்ணீர் கொட்ட ஆரம்பிக்கும்வரை அவன் டார்ச்சை அசைக்காமல் பிடித்திருந்தான். மாடுகள் அவனை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தன.

வீட்டில் அவன் மனைவி மார்லா பள்ளிக்கூடச் சமையலறை உடுப்பைக்கூட மாற்றாமல் அடுப்பருகே நின்று, மாவு உருண்டைகளைக் கிள்ளிச் சூப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். கர்ட் அதற்குள் போன் செய்திருப்பான். அவள் முதுகைப் பார்த்தே தெரிந்தது.

“அவனை இழுக்காத, வெர்லின்.”

“நான் இழுக்கல. வந்து உண்மையைச் சொல்லச் சொன்னேன்.”

“உண்மையா? அவன் உள்ள போனா ஷீலா அந்த மூணு பிள்ளைகளோட இங்கதான் வந்து நிப்பா. அப்போ உண்மையை அவங்களுக்கு ஊத்திக் குடுக்கறியா?”

“அவன் உனக்குத் தம்பி. நான் யாரு?”

மார்லா கரண்டியைப் பானையின் விளிம்பில் தட்டினாள். திரும்பியபோது அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். வேலை முடிந்து வந்த களைப்பு மட்டும் இருந்தது.

“நீ ஓட்டிட்டே வந்திருக்கலாம்,” என்றாள். “நான் சொல்லக் கூடாது, சொல்றேன். மெதுவா ஓட்டிட்டு வந்திருந்தா கால் மணி நேரம். யாரும் பாத்திருக்க மாட்டாங்க. இப்ப இங்க உக்காந்து சூப்பு குடிச்சிக்கிட்டு இருந்திருப்போம், வேற எவனாவது மாட்டின கதையப் பேசிக்கிட்டு.”

“அந்தப் பொண்ணுங்களை நீ பாக்கல, மார்லா.”

“பாக்கல. நீ பாத்த. அதுக்கு உனக்கு என்ன குடுத்தாங்க?”

சூப்பு அவனுக்கு முன்னால் வந்தது. குடித்தான். நன்றாக இருந்தது. அதுவும் அவனுக்கு எரிச்சலைத் தந்தது.

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் அவன் திருமணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றான். கழுத்துப் பொத்தான் மூடவில்லை. பின் பெஞ்சில் மார்லா கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். கர்ட் வரவில்லை, யாரும் அவனை எதிர்பார்க்கவும் இல்லை. வெர்லினைப் பிடித்த போலீஸ்காரன் சுவரோரமாக நின்றான். நல்ல பையன். அன்று இரவு விலங்கு மாட்டும் முன் கீழே கிடந்த வெர்லினின் தொப்பியை எடுத்துத் தலையில் காது மறைய இழுத்து விட்டவன். வாசலில் டோலஃப்சன் கடைசியாக ஒரு முறை, “உங்க மச்சான நான் சம்மன் போட்டு வரவழைக்கலாம். வந்தாலும் வாயத் திறக்காம இருக்க அவருக்கு உரிமை இருக்கு. ஆனா அவர் வாய மூடிக்கிட்டு நிக்கறத ஜட்ஜு பாப்பார். ஊரே பாக்கும். வேணுமா?” என்று கேட்டிருந்தாள். அவன் பதில் சொல்வதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

ஜட்ஜ் வயதானவர். காதில் கருவி வைத்திருந்தார். ஆபத்தான முறையில் வண்டி ஓட்டிய குற்றத்தைப் படித்துவிட்டு, நிமிர்ந்து பார்த்தார்.

“ஒத்துக்கறீங்களா, மறுக்கறீங்களா?”

வெர்லின் திரும்பி மார்லாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்காமல் தன் கையுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுக்கிறேன் என்ற சொல் அவன் தொண்டைவரை வந்து அங்கேயே குந்தியிருந்தது. அதன் பின்னால் கர்ட்டின் மாடுகள், ஷீலாவின் பிள்ளைகள், ஒரு வருஷம் சாவி இல்லாமல் அவன் உட்காரப்போகும் சமையலறை நாற்காலி எல்லாம் வரிசையில் நின்றன.

“ஒத்துக்கறேன்.”

“உங்க வார்த்தையிலேயே சொல்லுங்க. அன்னிக்கு என்ன செஞ்சீங்க?”

“ஓட்டினேன்.”

“கொஞ்சம் சத்தமா.”

“வண்டிய ஓட்டினேன்!” கூடத்தில் அது தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டது. சுவரோரம் நின்ற போலீஸ்காரன் தரையைப் பார்த்தான்.

“எங்கிருந்து எங்க?”

“பார் வாசல்லேர்ந்து. கிழக்க திரும்பி, தானியக் கிடங்கு தாண்டி, ஆத்துப் பாலத்து வழியா. வீட்டுக்கு.” பத்து வருஷமாக ஓட்டும் பாதை. சொல்லச் சொல்ல அது அவன் முன்னால் விரிந்தது. விளக்கு வெளிச்சத்தில் குறுக்கே ஓடும் பனித்தூள், கிடங்கின் ஒற்றைச் சிவப்பு விளக்கு, ஹீட்டரின் கருகிய தூசி வாசனை. அவனுடைய வலது கால் கோர்ட்டுத் தரையை லேசாக அழுத்தியது. “வேகமா வந்தேன். பாலத்துல கண்ணாடி மாதிரி ஐஸு. வண்டி பின்பக்கம் இழுத்துச்சு. நடுக்கோட்டத் தாண்டிட்டேன்.”

எழுதிக்கொண்டிருந்த டோலஃப்சன் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். இவ்வளவு சொல்லும்படி அவள் சொல்லிக்கொடுக்கவில்லை.

“அப்போ ரோட்டுல வேற யாராவது இருந்தாங்களா?” என்றார் ஜட்ஜ். “உங்களால யாருக்காவது ஆபத்து வந்ததா?”

வெர்லின் யோசித்தான். இல்லை என்று சொன்னால் முடிந்துவிடுமோ, முடியாதோ, தெரியவில்லை. ஆனால் அவனால் அந்தப் பாலத்தைத் தாண்ட முடியவில்லை. அக்கரையில், அந்த வெறும் வெள்ளையில், இரண்டு விளக்குகள் தெரிந்தன.

“ஒரு பிக்கப்பு எதிர்ல வந்துச்சு,” என்றான்.

“யாரோடது?”

பின் பெஞ்சில் மார்லா எழுந்து நின்றுவிட்டாள்.

“தெரியல, ஐயா. லைட்டு கண்ணுல அடிச்சுது.” அவன் கண்களைச் சுருக்கிக்கொண்டான். “ஊர்ப் பக்கமா வந்துக்கிட்டிருந்துச்சு. அவசரமா. யாரையோ கூட்டிட்டுப் போக வர்ற மாதிரி.”