முதல் மீனை விட்டவர்

மூன்றாவது பொத்தானைப் போடும்போது அப்பாவின் மூச்சு நின்றது. வெர்லீன் நான்காவது பொத்தானையும் போட்டாள். அதன் பிறகுதான் கையை எடுத்தாள்.

காலை ஐந்தே முக்கால். வெளியே நன்றாக விடிந்திருந்தது. நாடா தைத்த நீலச் சட்டையை மாட்டிவிடச் சொல்லி, விழித்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். பத்து மணி விழாவுக்கு இப்போதே என்ன அவசரம் என்று அவள்தான் இழுத்தடித்திருந்தாள். அவர் மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்தாள். பிறகு மறு கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

அத்தை யூலா காபிக் கோப்பையுடன் வாசற்படி வரை வந்து நின்றாள். அண்ணனைவிட மூன்று வயது இளையவள், எழுபத்தொன்பது. உள்ளே வரவில்லை.

"போயிட்டானா?"

வெர்லீன் தலையசைத்தாள்.

"இன்னும் நாலு மணி நேரம் இழுத்துப் பிடிச்சிருக்கக் கூடாதா" என்றாள் அத்தை. "எதுலயும் அவசரக்காரன்."

வெர்லீன் அப்பாவின் கைகளை மார்பின் மேல் சேர்த்துவைத்தாள். தன்னுடைய கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். இனி ஒரு வருடத்துக்கு அந்தக் கைகள் ஆற்றில் நனையக் கூடாது. மீனைத் தொடக் கூடாது, வலையைத் தொடக் கூடாது. சாவு வீட்டுக் கை பட்டால் மீன் வந்த வழியே திரும்பிவிடும். அந்த ஆற்றின் பழங்குடிகளான அவர்களுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பேசத் தெரிவதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

பத்து மணிக்கு அணைக்கு மேலே, ஏரிக்கரையில், முதல் சால்மன் மீனை நீரில் விடவேண்டியவள் அவள்.

அணை கட்டி எண்பது வருடம். கடலிலிருந்து ஏறி வந்த மீன், அணையின் அடிச்சுவரில் முட்டி முட்டி அங்கேயே செத்தது. முப்பது வருடத்துக்கு முன் அணையை நடத்தும் மின் நிறுவனத்தின் உரிமம் புதுப்பிக்க வந்தபோது, பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் விசாரணை நடந்தது. அப்பா எழுந்து, தன் அம்மா அணைக்கு மேலே மீன் காயப்போட்ட இடங்களை ஒவ்வொன்றாகப் பேர் சொன்னார். நிறுவனத்தின் பொறியாளர் ஹாம்லின் குறிப்பேட்டில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை. எத்தனை மீன், யாராவது எழுதிவைத்தார்களா என்று கேட்டார். இல்லை என்றார் அப்பா. காதில் விழுந்ததெல்லாம் சாட்சியாகாது, அணை கட்டிய இடத்தில் இருந்த அருவிக்கு மேலே சால்மன் ஒருபோதும் போனதில்லை, கொண்டுபோய் விட்டாலும் தங்காது என்றார் ஹாம்லின். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "முப்பது வருஷம் கழிச்சு உரிமம் மறுபடி வரும். அப்போ வாங்க, பேசுவோம்."

கூடமே சிரித்தது. சிரித்தவர்களில் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். அப்பாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது.

"வரேன்" என்றார் அப்பா.

மறுநாள் சிகரெட்டை விட்டார். அந்த மாதமே குடியை விட்டார். பொண்டாட்டி கெஞ்சி ஆகாதது, பாதிரியார் சொல்லி ஆகாதது, அந்த வெள்ளைக்காரனின் ஒரு சிரிப்பில் ஆனது. ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாள் வந்தால் முதலில் இரங்கல் பக்கத்தைப் பார்ப்பார். ஹாம்லின் பெயர் இருக்காது. "இன்னும் இருக்கான்" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டுப் பேப்பரை மடிப்பார். அவன் சாகக் கூடாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் பிரார்த்தனை. நுரையீரலில் நீர் கோத்து எழ முடியாமல் போன பிறகு, போன வாரம் வெர்லீனின் மணிக்கட்டைப் பிடித்துச் சொன்னார்: "என்னால நிக்க முடியலன்னா நீ விடு. ஆனா அவன் பார்க்கணும்."

அத்தை காபியை ஒரு வாய் குடித்தாள்.

"நான் இன்னும் இந்த ரூமுக்குள்ள வரல" என்றாள்.

"அத்தை."

"காபி குடிச்சேன். பாத்திரம் கழுவினேன். அண்ணன் தூங்கறான்னு விட்டுட்டேன். பதினோரு மணிக்குத்தான் எழுப்பப் போவேன். அப்பதான் எனக்கே தெரியும். எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி உனக்கு எப்படித் தெரியும்?"

"இது முறை இல்ல அத்தை."

"முறையை எனக்கே சொல்லித்தர்றியா? போ. அந்த ஹாம்லின் மூஞ்சி எப்படிப் போச்சுன்னு வந்து எனக்குச் சொல்லு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அழாத. கண்ணு காட்டிக்கொடுத்துடும்."

வெர்லீன் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்தாள். அழவில்லை. அணையைச் சுற்றிப் போகும் மலைப்பாதையில் முப்பது மைல் ஓட்டினாள். வழி நெடுக, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏரிக்கரையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தொட்டி லாரி நீருக்குப் பின்பக்கம் காட்டி நின்றது. உள்ளே இருபது மீன்கள், காலையில் அணைக்குக் கீழே பிடித்தவை. லாரி ஓட்டி வந்த டெல்பர்ட், யூலா அத்தையின் மகன்.

"மாமா எங்க? சட்டை போட்டுக்கிட்டு ஆறு மணிக்கே வந்து நிப்பார்னு நெனச்சேன்."

"வீட்ல இருக்காரு" என்றாள்.

முன்வரிசையில் அப்பாவின் பெயர் ஒட்டிய நாற்காலி காலியாக இருந்தது. அதற்குப் பக்கத்து நாற்காலியில் ஹாம்லின் உட்கார்ந்திருந்தார். எழுபத்தாறு வயது. சாம்பல் கோட்டு, பளபளப்பான ஷூ. ஓய்வுபெற்று, இதே ஏரியின் கரையில் படகுத்துறையுடன் வீடு கட்டிக்கொண்டவர். பழைய அதிகாரி என்று நிறுவனம் அவரை மரியாதைக்கு அழைத்திருந்தது. அவளைக் கண்டதும் எழுந்தார்.

"வெர்லீன்தானே? அப்பா வரலையா? பந்தயத்துல தோத்துட்டேன்னு அவர்கிட்ட நேர்லயே சொல்லணும்னு வந்தேன். அன்னிக்கு 'வரேன்'னு சொன்னாரே, என்ன தைரியம். இப்ப நெனச்சாலும் எனக்குச் சிரிப்பு வருது."

"அவருக்கு வந்ததே இல்ல" என்றாள் வெர்லீன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்தார். காலி நாற்காலியின் முதுகில் கையை நீட்டிப் போட்டுக்கொண்டார்.

புதிய ஒப்பந்தம் எல்லோருக்கும் தெரியும். மூன்று வருடம் மீன் மேலே தங்கி முட்டையிட வேண்டும். தங்கினால் நிறுவனம் தன் செலவில், மீன் ஏறிவர அணையில் மீன்படி கட்ட வேண்டும். தங்காவிட்டால் எல்லாம் அதோடு முடிந்தது. ஹாம்லின் சொன்னதுதான் உண்மை என்று காகிதத்தில் ஏறிவிடும்.

ஜெபம் முடிந்தது. பாட்டு முடிந்தது. டெல்பர்ட் லாரியின் மேல் ஏறி, தொட்டி மூடியைத் திறந்து, துணித்தொட்டிலில் ஒரு பெண் மீனை நீரோடு அள்ளிக் கீழே இறக்கினான். மற்றவை குழாய் வழியாகப் போகலாம். முதல் மீன் மட்டும் கையால் போக வேண்டும். முழங்கால் ஆழத்தில் நின்று, அதன் தலையை ஆறு வரும் மேல்பக்கம் காட்டி, அடிவயிற்றில் கைகொடுத்துப் பிடித்திருக்க வேண்டும். தள்ளக் கூடாது, விடக் கூடாது. அதுவாகக் கையைவிட்டுப் போனால்தான் இடத்தை ஏற்றுக்கொண்டது என்று பொருள். அது போகும்வரை மற்றவை தொட்டியில்தான் இருக்கும்.

வெர்லீன் தொட்டிலின் மேல் குனிந்தாள். மீனின் செவுள் திறந்து மூடியது. இமையில்லாத கண் அவளுக்கு அப்பால் எதையோ பார்த்தது. அவள் விரல்கள் நீருக்கு ஓர் அங்குலம் மேலே நின்றன.

அத்தை இன்னும் அந்த அறைக்குள் போயிருக்க மாட்டாள். இங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் மீனுக்குத் தெரிந்துவிட்டால்? இன்றில்லாவிட்டாலும் அடுத்த வாரம், அடுத்த வருடம், இருபதும் திரும்பிப்போய்விட்டால்? அந்த ஆள் தன் படகுத்துறையில் உட்கார்ந்து, நான் அப்போதே சொன்னேனே என்பார்.

அவள் நிமிர்ந்தாள்.

"அப்பா காலைல போயிட்டாரு" என்றாள். "அஞ்சே முக்காலுக்கு."

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றினான். தொட்டிலின் பிடியைத் தரையில் வைத்துவிட்டு மூன்றடி பின்னால் போனான். குழாய்க்குப் பக்கத்தில் நின்றவனும் பின்னால் போனான். பாட்டுப் பாடியவர்கள் போனார்கள். அந்த ஊரில் அப்பாவுக்கு உறவில்லாதவர் யாரும் இல்லை. டெல்பர்ட் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான். இத்தனை மீனையும் காலையில் பிடித்தது அவன்தான். தெரியாமல் தொட்டது குற்றமில்லை என்று யாரோ ஒரு பெரியவர் அவனிடம் மெல்லச் சொன்னார்.

கரையில் மீனும் தொட்டிலும் மட்டும் இருந்தன.

மாநில மீன்துறையின் இளம்பெண் முன்னால் வந்தாள். தொட்டியில் நீர் சூடாகிக்கொண்டே போகிறது, தான் பிடிக்கட்டுமா என்று கேட்டாள்.

"நீ வேண்டாம்மா" என்றாள் வெர்லீன். "எங்களால முடியலன்னா ஆளைச் சொல்றது துக்க வீட்டுக்காரங்க. சொன்ன ஆள் மறுக்கக் கூடாது."

அவள் முன்வரிசையைப் பார்த்தாள்.

"ஹாம்லின் வரட்டும்."

அவர் சிரித்தார். இரு பக்கமும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. செய்தியாளர் ஒருவர் கேமராவை அவர் பக்கம் திருப்பினார்.

"எனக்கு முட்டி சரியில்ல" என்றார்.

"மெதுவாவே வாங்க."

எழுந்து வந்தார். அவள் தோளைத் தொட்டு, அப்பாவுக்காக வருந்துவதாகச் சொன்னார். அவள் அந்தக் கை விலகும்வரை காத்திருந்தாள். ஷூவைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டார்.

"உங்க இஷ்டம்."

கழற்றவில்லை. மீன்துறைப் பெண் துணித்தொட்டிலை நீருக்குள் இழுத்துக்கொடுத்தாள். ஹாம்லின் முழங்கால் ஆழத்தில் குனிந்து, இரு கைகளையும் மீனின் வயிற்றுக்கடியில் கொடுத்தார். கோட்டின் முனை நீரில் மிதந்தது. வெர்லீன் கரையில் நின்றாள். சிற்றலை வந்தபோது, அது காலில் படாமல் பின்னால் நகர்ந்தாள்.

"தலையை மேல்பக்கம் காட்டுங்க" என்றாள். "மேல்பக்கம் எதுன்னு தெரியுதா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஏரி எந்தப் பக்கமும் அசையாமல் கிடந்தது. மீனை இடப்பக்கம் திருப்பினார்.

"அது அணை."

எதிர்க்கரைப் பக்கம் திருப்பினார்.

"அது உங்க வீடு."

பின்னால் யாரோ இருமினார்கள்.

"வலது பக்கம். அந்தப் பனிமலைக்கு நேரா. அங்கிருந்துதான் ஆறு வருது. இப்பவும் வருது."

அவர் திருப்பிப் பிடித்தார். மீன் அவர் கைகளில் அப்படியே கிடந்தது. மலையிலிருந்து வரும் தண்ணீர், ஆகஸ்டிலும் குளிர் எலும்பில் ஏறும். நாலைந்து நிமிடம் போனது. அவர் தாடை ஆடத் தொடங்கியது.

"விட்டுடவா?"

"நீங்க விடக் கூடாது. அது போகணும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியாது" என்றாள் வெர்லீன். "நாங்கதான் எதுவும் எழுதிவைக்கலையே."

அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் சற்று நேரம் இருந்துவிட்டு, போயிற்று. அவள் அதை முழுவதும் பார்த்தாள். பார்த்ததை அத்தையிடம் அப்படியே சொல்ல வேண்டும்.

மீன்துறைப் பெண் அருகில் வந்து, வயதானவர், போதுமே என்று முணுமுணுத்தாள்.

"அப்பாவுக்கும் வயசு ஆச்சு" என்றாள் வெர்லீன்.

பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. மீனின் வால் ஒருமுறை மெதுவாக அசைந்தது. இன்னொருமுறை. பிறகு ஓங்கி அடித்தது. ஹாம்லினின் முகத்திலும் மூக்குக்கண்ணாடியிலும் நீர் தெறித்தது. அவர் கண்ணைத் திறந்தபோது கைகள் காலியாக இருந்தன. மேல்பக்கமாக ஒரு கோடு நீரைக் கிழித்துக்கொண்டு போய், ஆழத்தில் மறைந்தது.

வெளியூர்க்காரர்கள் கை தட்டத் தொடங்கி, மற்றவர்கள் தட்டாததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்கள். மீன்துறைப் பெண் ஓடிப்போய்க் குழாயைத் திறந்தாள். பத்தொன்பதும் ஒன்றன்பின் ஒன்றாக நீரில் விழும் சத்தம் கேட்டது.

ஹாம்லின் தானாகவே கரையேறினார். ஷூவிலிருந்து நீர் பிதுங்கியது. முழங்கை வரை மீனின் வழவழப்பு படிந்திருந்தது. கைகளைக் கோட்டில் படாமல் விலக்கிப் பிடித்துக்கொண்டு, யாராவது ஏதாவது கொண்டுவருவார்கள் என்பதுபோல் நின்றார்.

லாரியின் முன்னிருக்கையில், கை துடைக்க வெள்ளைத் துண்டுகள் ஓர் அடுக்காக மடித்துவைக்கப்பட்டிருந்தன. டெல்பர்ட் அவற்றைப் பார்த்தான். பிறகு வெர்லீனைப் பார்த்தான். அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹாம்லின் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு, முட்டியைப் பொறுத்துக்கொண்டு குனிந்து, புல்லில் கைகளைத் துடைத்தார். வழவழப்பு போகவில்லை. காய்ந்த புல் துணுக்குகள் விரல்களில் ஒட்டிக்கொண்டன.