இருபது சொட்டு எதிர்ப்பு சக்தி

பதினெட்டு வருடமாக கீரோவ் நகரத்தில் மின்கம்பியில் ஓடும் ட்ராலி பஸ் ஓட்டுகிறேன். ஒவ்வொரு டூட்டிக்கும் முன்னால் டிப்போ மருத்துவ அறையில், குடித்திருக்கிறோமா என்று பார்க்கும் குழாயில் ஊதியிருக்கிறேன். ஒரு நாளும் அது பூஜ்யத்தைத் தவிர வேறெதையும் காட்டியதில்லை. அன்றைக்குப் பூஜ்யம் புள்ளி நான்கு என்றது.

கம்பவுண்டர் இல்தார் கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கருவியைப் பார்த்தார்.

“என்ன லிதியா பாவ்லவ்னா, மத்தியானம் ஒரு மணிக்கே ஆரம்பிச்சாச்சா?”

“பொய் சொன்னா நாக்கு அழுகிடும் இல்தார். புத்தாண்டுக்குக்கூட ஷாம்பெயினை உதட்டுல தொட்டுட்டு வெச்சிடறவ நான்.”

“அப்ப இது காட்டுறது என்ன, தண்ணியா?”

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கேட் பக்கத்தில் இருமல் பிடுங்கி எடுத்ததில், பையில் இருந்த புட்டியைத் திறந்து ஒரு மடக்கு குடித்திருந்தேன். எடுத்து மேஜையில் வைத்தேன்.

“எக்கினேசியாப் பூ மருந்து. கண்டக்டர் ரிம்மா கொடுத்தா. எதிர்ப்பு சக்திக்கு.”

“சாராயத்துல ஊற வெச்ச எக்கினேசியா,” என்றார் இல்தார். “சொட்டுக் கணக்குல குடிக்க வேண்டியது. நீங்க மடக்குக் கணக்குல குடிச்சிருக்கீங்க. போங்க, வாயைக் கொப்பளிச்சிட்டு உக்காருங்க. பதினஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவை ஊதலாம்.”

அதுதான் விதி. வாயில் ஒட்டிய வாடை மட்டும் என்றால் அதற்குள் போய்விடும். போகாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனை, பிறகு வேலை நீக்கம். மூன்று தரம் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ரிம்மாவை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். நவம்பர் வந்துவிட்டால் எங்கள் ஊரில் டாக்டர் அல்லாதவர் யாருமில்லை. ஒருத்தி பூண்டு மாலை கட்டிப் பிள்ளை கழுத்தில் போடுவாள், ஒருத்தி மூக்கில் சொட்டு விடுவாள், ஒருத்தி விளம்பரத்தில் பார்த்த மாத்திரையை வாங்கித் தெரு முழுக்க விநியோகம் செய்வாள். நான் மட்டும் என்ன ஒழுங்கு? சளிக் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லி இல்தார் இரண்டு தரம் கூப்பிட்டார். ‘சொட்டு இருக்கும்போது ஊசி எதுக்கு’ என்று சொல்லிவிட்டேன்.

இல்தாருக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது. புட்டியைச் சுற்றியிருந்த துண்டுச் சீட்டைப் பிரித்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

“காசநோய் உள்ளவங்க சாப்பிடக் கூடாது. தன் உடம்பையே தாக்குற நோய் உள்ளவங்க கூடாது. உறுப்பு மாற்று அறுவை செஞ்சுக்கிட்டவங்க கூடாது. உங்களுக்கு இதுல எதுவும் இல்லையே?”

எனக்கு இல்லை. என் தம்பிக்கு இருக்கிறது. யேகோர் என்னோடுதான் இருக்கிறான். மூன்று வருடத்துக்கு முன்னால் என் இடது சிறுநீரகத்தை எடுத்து அவனுக்கு வைத்தார்கள். எனக்குச் சளி பிடித்ததிலிருந்து, அது அவனுக்கு ஒட்டிவிடக் கூடாதே என்று, நாலு நாளாக அவன் டீயில் இருபது சொட்டு எண்ணி எண்ணி ஊற்றிக்கொண்டிருக்கிறேன். அன்று பன்னிரண்டு மணிக்குக்கூட ஊற்றிவிட்டுத்தான் வந்தேன்.

“இல்தார், யேகோருக்குக் கொடுத்துட்டேனே!”

அவர் சீட்டைக் கீழே வைத்தார். டிப்போவில் எல்லோருக்கும் எங்கள் கதை தெரியும்.

“எத்தனை நாளா?”

“நாலு நாளா. இது வெறும் பூதானே? செடி என்ன செய்யும்?”

“செடிதான். ஆனா பாருங்க, அவர் உடம்புக்கு உங்க கிட்னி அன்னியன். அதைப் பாத்துக் குரைக்காம இருக்கத்தான் தினமும் மாத்திரை போட்டு எதிர்ப்பு சக்திங்கற நாயைக் கட்டி வெச்சிருக்காங்க. நீங்க போய் அந்தக் கட்டை அவுக்கப் பாத்திருக்கீங்க.” என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தார். “இதோ இப்பவே ஏதாவது ஆகிடும்னு இல்ல. ஆனா உடனே நிறுத்தணும், அவரோட டாக்டருக்குச் சொல்லணும், ரத்தம் பாக்கணும். போன் போடுங்க.”

போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. மூன்று வருடம் உப்பை அளந்து, மாத்திரைக்கு அலாரம் வைத்து, இருமுகிறவனைக் கண்டால் யேகோரை இழுத்துக்கொண்டு தெருவின் அந்தப் பக்கம் போய், கடைசியில் நானே என் கையால் கெடுத்தேனா? இது ஆசையில் செய்த காரியம் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

“நேரமாச்சு, ஊதுங்க,” என்றார் இல்தார்.

ஊதினேன். பூஜ்யம். டிரிப் ஷீட்டில் முத்திரை குத்தி நீட்டினார். நான் கை நீட்டவில்லை.

“அவன் குரலைக் கேக்காம ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன். வேற ஆளை அனுப்பச் சொல்லுங்க.”

அவர் உள் தொலைபேசியை எடுக்கும்போது என் போன் அடித்தது.

“என்னக்கா, ஏழு தடவை கூப்பிட்டிருக்க? குளிச்சிட்டிருந்தேன்.”

“யேகோர், அந்த டீ! மத்தியானம் குடிச்சியே, அந்த டீ!”

எதிர்முனையில் தொண்டையைச் செருமும் சத்தம். “கோபப்படாதே. நான் குடிக்கல.”

“இன்னிக்கா?”

“ஒரு நாளும். முதல் நாளே கிட்னி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ‘ஒரு சொட்டும் கூடாது, அக்காகிட்ட சொல்லிட்டு சிங்க்ல ஊத்து’ன்னாங்க. நான் சிங்க்ல மட்டும் ஊத்தினேன்.”

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன். கடவுளே, பிழைத்தேன். இல்தாரிடம் தலையை ஆட்டிக் காட்டினேன். அவரும் பெருமூச்சு விட்டார். அடுத்த நொடி எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

“அடப்பாவி! நாலு நாளா சாக்கடைக் குழாய்க்கா எதிர்ப்பு சக்தி ஏத்திட்டிருந்தேன்?”

“இனிமே அதுக்குச் சளியே பிடிக்காதுக்கா.”

“பல்லைக் காட்டாதே. இதைச் சொல்றதுக்கென்ன? வாய் இல்லையா உனக்கு?”

“எப்படிச் சொல்றது? உன் கிட்னியையே வாங்கிக்கிட்டவன், நீ குடுக்கற ஒரு கப் டீயை வேணாம்னு சொல்ல முடியுமா?”

மூன்று வருடமாக இந்தப் பையன் என் வீட்டில் எதையுமே மறுத்ததில்லை. நல்ல பிள்ளை, சொன்ன பேச்சு கேட்கிறான் என்று ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறேன், மடைச்சி.

இல்தார் மெதுவான குரலில், “எதிர்ப்பு சக்தி அவரைச் சுத்தி இருக்கறவங்களுக்குத்தான் வேணும்னு சொல்லுங்க. இருமல் நின்னதும் ஊசி போட்டுக்க வரேன்னும் சொல்லுங்க. அதுவரைக்கும் வீட்டுல மாஸ்க்,” என்றார். நான் கையமர்த்தினேன்.

“யேகோர், கேளு. கிட்னியை உனக்குக் கொடுத்தது உன் வாயை அடைக்க இல்லடா. வேணாம்னா வேணாம்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லணும்.”

“நிஜமாவா?”

“நிஜமாத்தான்.”

“அப்படின்னா ராத்திரிக்கு அந்தப் பூசணிக் கஞ்சி வேணாம். எனக்கு அது எப்பவுமே பிடிக்காது.”

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கு ஒழுகியது. இல்தார் கைக்குட்டையை நீட்டினார். வாங்கித் துடைத்துக்கொண்டு, டிரிப் ஷீட்டையும் எடுத்துக்கொண்டேன்.

“சரி, வேற என்னதான் வேணும்?”

“வறுத்த உருளைக்கிழங்கு,” என்றான் என் தம்பி, ஒரு நொடிகூட யோசிக்காமல்.